அயல்நாட்டார் வருகைக் கணக்கு: சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவர ஏடு வேலூருக்கு எவ்வளவு உதவும்?

மத்திய சுற்றுலா அமைச்சகம் ஆண்டுதோறும் ஒரு புள்ளிவிவர ஏட்டை வெளியிடுகிறது. நெடுங்காலம் ‘இந்தியா டூரிசம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்ற பெயரில் வந்துகொண்டிருந்த அந்த ஏடு, இப்போது ‘இந்தியா டூரிசம் டேட்டா கம்பெண்டியம்’ என்ற பெயரில் வருகிறது. அமைச்சகத்தின் இணையதளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எந்த மாதத்தில் வந்தார்கள், எந்த விமான நிலையம் அல்லது எல்லைச் சாவடி வழியாக நுழைந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்பதை அட்டவணை அட்டவணையாக அது தருகிறது. வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில் என்பதால், இந்த ஏட்டைப் பொழுதுபோக்காகப் படிப்பதில்லை. அடுத்த ஆண்டு எத்தனை அறைகளுக்கு வெள்ளையடிப்பது, எத்தனை பேரை வேலைக்கு வைத்துக்கொள்வது என்று முதலாளிகள் கேட்கும்போது பதில் சொல்வதற்காகப் படிக்கிறேன். அந்தத் தேவைக்கு இந்த ஏடு எவ்வளவு தூரம் ஈடுகொடுக்கிறது என்பதே இந்த மதிப்பீடு.

வேலூருக்கும் அயல்நாட்டார் வருகைக்கும் என்ன தொடர்பு என்று வெளியூர் வாசகர்கள் கேட்கக்கூடும். கோட்டையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் ஸ்ரீபுரம் பொற்கோயிலும் இங்கே இருந்தாலும், இந்த ஊரின் விடுதித் தொழில் நிற்பது 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவமனையிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நம்பித்தான். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் கடைப் பலகைகள் தமிழோடு வங்காள எழுத்திலும் இருக்கும். கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும் வாசனை காலையிலேயே தெருவில் நிற்கும். ஆனால் வங்காளம் பேசும் எல்லோரும் வெளிநாட்டவர் அல்லர். மேற்கு வங்கத்திலிருந்தும் திரிபுராவிலிருந்தும் வருகிறவர்கள் உள்நாட்டுப் பயணிகள். வங்கதேசத்தின் டாக்காவிலிருந்தும் குல்னாவிலிருந்தும் வருகிறவர்கள்தான் அமைச்சகத்தின் அயல்நாட்டார் கணக்கில் சேர்கிறவர்கள். தெருவில் நின்று பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. லாட்ஜ் வரவேற்பு மேசையில் தெரியும்: ஒருவர் ஆதார் அட்டையை நீட்டுகிறார், மற்றவர் பச்சை அட்டை போட்ட பாஸ்போர்ட்டை நீட்டுகிறார். பாஸ்போர்ட் வந்தால் மேலாளர் அதையும் விசாப் பக்கத்தையும் நகலெடுத்துக்கொண்டு, ‘சி ஃபாரம்’ என்று இங்கே எல்லோரும் சொல்கிற விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவு அதிகாரிகளுக்கு இணையவழியில் அனுப்ப வேண்டும். ஊரில் எத்தனை அயல்நாட்டார் தங்குகிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஏட்டின் பெரும்பலம் அதன் நீண்ட தொடர். நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளிலிருந்தே வருகை எண்ணிக்கை தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. தொடர் நீளமாக இருக்கும்போதுதான் ஏற்ற இறக்கத்துக்கான காரணங்களைப் பிரித்தறிய முடிகிறது. 2000இல் சுமார் 26.5 லட்சமாக இருந்த வருகை 2001இல் 25.4 லட்சமாகவும் 2002இல் 23.8 லட்சமாகவும் இறங்கியது. அமெரிக்காவில் செப்டம்பர் தாக்குதல், அந்த ஆண்டு டிசம்பரில் நமது நாடாளுமன்றத்தின் மீதான தாக்குதல், அதையடுத்து இந்திய–பாகிஸ்தான் எல்லையில் இரு நாட்டுப் படைகளும் மாதக்கணக்கில் எதிரெதிரே நின்றது ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்த காலம் அது. பின்னர் ஏறிக்கொண்டே போன எண்ணிக்கை, 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்தபோது, 2009இல் 52.8 லட்சத்திலிருந்து 51.7 லட்சமாகச் சற்றே குறைந்தது. இந்த இரண்டு இறக்கங்களும் ஓரிரு ஆண்டுகளில் சரியாகிவிட்டன. 2004 டிசம்பரில் வந்த சுனாமியோ ஆண்டுத் தொடரில் தடம்கூடப் பதிக்கவில்லை; 2005இல் வருகை 34.6 லட்சத்திலிருந்து 39.2 லட்சமாக உயர்ந்தது. நம் கடற்கரையில் அவ்வளவு பேரைக் காவு கொண்ட ஒரு நிகழ்வு நாட்டின் மொத்த எண்ணில் தெரியாமல் போவது, மொத்த எண்ணை மட்டும் பார்ப்பது எவ்வளவு குறையுள்ள பார்வை என்பதை எனக்கு உணர்த்திய முதல் சான்று.

2020 அப்படிப்பட்ட இறக்கம் அன்று. 2019இல் 1.09 கோடியாக இருந்த வருகை 27.4 லட்சமாகச் சரிந்தது. முக்கால் பங்கு போய்விட்டது. அந்த 27 லட்சத்திலும் பெரும்பகுதி ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வந்தவர்கள். ஏப்ரலில் நாடு முழுவதற்குமான வருகை மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை. மார்ச் 2020இல் நிறுத்தப்பட்ட வழக்கமான பன்னாட்டு விமானங்கள் மார்ச் 2022 இறுதியில்தான் மீண்டன என்பதால், 2021 இன்னும் தாழ்ந்து 15 லட்சத்தில் நின்றது. இதற்குப் பிறகு வந்த ஆண்டுகளின் வளர்ச்சி விகிதங்களைப் படிக்கும்போதுதான் கவனம் தேவை. 2022இல் வருகை முந்தைய ஆண்டைவிட 300 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது என்பது உண்மை. அதே 2022இல் வந்தவர்கள் 2019இல் வந்தவர்களில் ஏறக்குறைய 59 சதவீதமே என்பதும் உண்மை. பள்ளத்தின் அடியிலிருந்து அளந்தால் எந்த மேடும் மலையாகத்தான் தெரியும். ஆகவே கொரோனாவுக்குப் பிந்தைய எந்த ஆண்டையும் 2019ஐ நூறாக வைத்து அளப்பதே முறை என்பது என் கருத்து. அப்படி அளந்தால் 2023 சுமார் 87, 2024 சுமார் 91.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். ஏட்டில் இரண்டு வகையான மொத்தங்கள் உள்ளன. ஒன்று, அயல்நாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிற சுற்றுலாப் பயணிகள். மற்றொன்று, அவர்களோடு வெளிநாடுவாழ் இந்தியர்களின் வருகையையும் சேர்த்த ‘பன்னாட்டுச் சுற்றுலாப் பயணிகள்’. ஐக்கிய நாடுகளின் வரையறைப்படி ஒருவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைவிட எந்த நாட்டில் வசிக்கிறார் என்பதே முக்கியம் என்பதால், 2014 முதலான ஆண்டுகளுக்கு இந்த இரண்டாவது எண்ணையும் அமைச்சகம் தருகிறது. துபாயில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்குக் குடியாத்தம் வரும் நம்மவரும் இதில் அடக்கம். 2024இல் முதல் எண் சுமார் 99.5 லட்சம், இரண்டாம் எண் இரண்டு கோடிக்கும் மேல். முதல் எண் 2019ஐவிடக் குறைவு, இரண்டாம் எண் 2019ஐவிட அதிகம். ‘நாம் கொரோனாவுக்கு முந்தைய நிலையைத் தாண்டிவிட்டோம்’ என்று ஒரு செய்தியும் ‘இன்னும் தாண்டவில்லை’ என்று இன்னொரு செய்தியும் ஒரே வாரத்தில் வரக் காரணம் இதுதான். இரண்டு செய்தியும் சரி. எந்த மொத்தம் என்று சொல்லாமல் விட்டதுதான் பிழை. லாட்ஜ்காரருக்கு முதல் எண்தான் பொருந்தும், ஏனெனில் சொந்த வீட்டுக்கு வருகிறவர் அறை எடுப்பதில்லை.

ஆனால் முதல் எண்ணும் வேலூருக்குப் போதாது. இந்த ஏட்டில் நான் அதிகம் புரட்டுவது நாடுவாரி அட்டவணையைத்தான். 2015 வரை அமெரிக்காவே முதலிடத்தில் இருந்தது. 2016இல் வங்கதேசம் அதை முந்தியது. 2019இல் வங்கதேசத்திலிருந்து மட்டும் 25 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அதாவது அந்த ஆண்டு வந்த நால்வரில் ஏறக்குறைய ஒருவர். கொரோனாவுக்குப் பின் 2023இல் இது 21 லட்சத்தைத் தாண்டி மீண்டது. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்ததும், அங்கிருந்த இந்திய விசா மையங்கள் மூடப்பட்டு, பிறகு மருத்துவம் போன்ற அவசரத் தேவைகளுக்கு மட்டும் அளவாகத் திறக்கப்பட்டன. அந்த ஆண்டின் வங்கதேச எண்ணிக்கை சுமார் 17.5 லட்சமாக இறங்க, அமெரிக்கா மீண்டும் முதலிடத்துக்கு வந்தது. இவ்வளவு பெரிய சரிவு நடந்த அதே ஆண்டில் நாட்டின் மொத்த வருகை நான்கு சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருக்கிறது. தலைப்புச் செய்தியில் ஏற்றம். பாபு ராவ் தெருவில் சாவி மாட்டும் பலகையில் பாதிச் சாவிகள் அப்படியே தொங்குகின்றன. இரண்டையும் ஒருசேர விளக்கக்கூடிய ஒரே ஆவணம் இந்த நாடுவாரி அட்டவணைதான். இதற்காகவே இந்த ஏட்டை நான் மதிக்கிறேன்.

இதில் ஆழ்ந்து பார்க்க வேண்டியது ஏற்ற இறக்கத்தின் தன்மை. அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருகிறவர்களில் இந்திய வம்சாவளியினர் கணிசமானவர்கள். அவர்களை இழுப்பது திருமணமும் உறவும் பள்ளி விடுமுறையும். பல நாட்டினருக்கு 2014 இறுதியில் தொடங்கிய மின்விசா வசதி பயணத்தை எளிதாக்கியது. வங்கதேசத்தவருக்கு அந்த வசதி இல்லை; விசா மையத்தின் கதவு எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவுதான் அவர்கள் வரவும் இருக்கும். ஆகவே அமெரிக்க வருகை குறைந்தால் விமானக் கட்டணத்தையும் டாலரையும் பார்க்க வேண்டும். வங்கதேச வருகை குறைந்தால் முதலில் விசாவைப் பார்க்க வேண்டும். நோயாளி குறைந்துவிட்டதாகவோ, இந்த ஊர் மருத்துவத்தின் மீது நம்பிக்கை போய்விட்டதாகவோ அவசரப்பட்டு முடிவுக்கு வந்து, வாடகையைப் பாதியாக்கிய உரிமையாளர்களை எனக்குத் தெரியும். வாடகையைக் குறைத்தால் விசா கிடைத்துவிடாது.

நுழைவாயில் அட்டவணை அடுத்த சிறப்பு. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் டெல்லி, மும்பை விமான நிலையங்களுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் இருந்தது எந்த விமான நிலையமும் அன்று. மேற்கு வங்கத்தில் பெட்ராபோல்–பேனாபோல் எல்லையிலுள்ள ஹரிதாஸ்பூர் சாவடி. சென்னை அதற்கும் பின்னால். வேலூருக்கு வருகிற வங்கதேசக் குடும்பங்கள் பல, பேருந்தில் அந்த எல்லைக்கு வந்து, நடந்து கடந்து, கொல்கத்தா போய், ஹவுராவிலிருந்து பெங்களூரு செல்லும் ரயிலில் ஏறிக் காட்பாடியில் இறங்குகின்றன. மூட்டை முடிச்சுகளோடும் எக்ஸ்ரே உறையோடும் காட்பாடி நடைமேடையில் இறங்குகிற அந்தக் குடும்பம் தமிழ்நாட்டின் எந்த நுழைவாயில் கணக்கிலும் இல்லை. சென்னை விமான நிலைய எண்ணிக்கையை வைத்து வடஆற்காட்டின் நிலையை ஊகிக்கிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். நம் ஊருக்கான முன்னறிவிப்பு மீனம்பாக்கத்தில் இல்லை, ஹரிதாஸ்பூரில் இருக்கிறது.

நோக்கவாரி அட்டவணையைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதியான மதிப்பு இல்லை. 2019இல் மருத்துவத்துக்காக வந்தவர்கள் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் என்கிறது ஏடு. முதல் முறை மருத்துவரைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை எங்கள் லாட்ஜ் பதிவேடுகளில் தொடர்ந்து பார்க்கிறோம்; அவர்களுடைய நோக்கம் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். ஒரு நோயாளியோடு துணைக்கு வருகிற அண்ணனும் மனைவியும் அறையையும் சமையல் பாத்திரங்களையும் அதே அளவு பயன்படுத்துகிறவர்கள்தான். மற்றொன்று, இந்த ஏடு எண்ணுவது வருகைகளை, ஆட்களை அன்று. அறுவைச் சிகிச்சைக்கு ஒரு முறை, ரிவ்யூவுக்கு இரண்டு முறை என்று ஓராண்டில் மூன்று முறை எல்லையைக் கடந்தவர் கணக்கில் மூவர். மறுபுறம், ஒரே வருகையில் இரண்டு மாதம் தங்குகிறவரும் ஒருவர்தான். அறை வாடகைக்கு முக்கியம் தங்கிய இரவுகள். வருகை எண்ணிக்கையோடு அதை ஒட்டிப் பார்க்க, அவரவர் பதிவேட்டிலிருந்து சராசரித் தங்கலைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வதே வழி.

மாதவாரி எண்களில் நாடு தழுவிய ஒழுங்கு தெளிவானது: டிசம்பர் உச்சம், மே தாழ்வு. 2019இல் டிசம்பர் வருகை 12 லட்சத்தைத் தாண்டியது, மே மாதம் 6 லட்சத்தை ஒட்டியது. ஒரு மாதத்தை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் பருவத்தைத்தான் அளப்போம். முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது யாரும் சொல்கிற பாடம். வேலூருக்கு அதுவும் போதாது. எங்கள் லாட்ஜ்களில் வங்கதேச விருந்தினர்கள் ரமலான் நோன்பு மாதத்தில் குறைந்து, பெருநாள் முடிந்ததும் கூடுவார்கள். பிறை நாட்காட்டி ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், 2019இல் ஜூன் தொடக்கத்தில் வந்த நோன்புப் பெருநாள் 2024இல் ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கு வந்துவிட்டது. மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிட்டால், ஒன்றில் நோன்பு நாட்களும் மற்றதில் பெருநாளுக்குப் பிந்தைய நாட்களும் இருக்கும். இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை: ஒவ்வொரு மாதமும் அதுவரையான பன்னிரண்டு மாதங்களின் கூட்டுத்தொகையை எழுதிக்கொண்டு வந்தால், பருவமும் பண்டிகையும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும், எஞ்சி நிற்கிற ஏற்றமோ இறக்கமோதான் உண்மையான போக்கு. அமைச்சகம் இந்தக் கூட்டுத்தொகையைத் தானே ஒரு பத்தியாகச் சேர்த்துத் தரலாம். அட்டவணையில் அதற்கு இடம் இருக்கிறது.

மாநிலவாரி அட்டவணை இந்த ஏட்டின் பலவீனமான பகுதி என்று தயங்காமல் சொல்வேன். 2019இல் தமிழ்நாட்டுக்கு 68 லட்சத்துக்கும் அதிகமான அயல்நாட்டார் வருகை பதிவாகி, மாநிலங்களில் நாமே முதலிடம் பெற்றோம். அந்த ஆண்டு நாட்டுக்குள் நுழைந்தவர்களே மொத்தம் 1.09 கோடி. எல்லா மாநில எண்களையும் கூட்டினால் மூன்று கோடிக்கு மேல் வரும். மாமல்லபுரம், மதுரை, கொச்சி என்று போகிற ஒருவரே ஒவ்வோர் ஊரிலும் எண்ணப்படுவதால், நுழைவாயில் கணக்கும் மாநிலக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாது. பொருந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. ஆனால் 2022இல் தமிழ்நாட்டின் எண்ணிக்கை சுமார் 4 லட்சம் என்று இறங்கியதை என்னவென்று சொல்வது? நாட்டின் வருகை 2019இன் அளவில் 59 சதவீதத்துக்கு மீண்டிருந்தபோது, ஒரு மாநிலத்தின் வருகை மட்டும் 6 சதவீதத்தில் நிற்பது பயணிகளின் விருப்பத்தால் மட்டும் நிகழக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. எண்ணப்படும் முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த அட்டவணையை நம்பி யாரும் முதலீடு செய்யக் கூடாது என்றே என் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன். இதற்குப் பதிலாக, லாட்ஜ்கள் ஏற்கெனவே அனுப்புகிற ‘சி ஃபாரம்’ விவரங்களிலிருந்து, பெயர்களை நீக்கிவிட்டு, மாவட்டவாரி மாத எண்ணிக்கையை மட்டும் வெளியிட்டால் எவ்வளவு பயன் இருக்கும்! விவரம் அரசிடம் இருக்கிறது. சேகரிக்கப் புதிய செலவு எதுவும் தேவையில்லை.

காலம் தாழ்த்தி வருவது இன்னொரு குறை. ஓர் ஆண்டின் முழு விவரம் அடுத்த ஆண்டின் பிற்பகுதியில்தான் கையில் கிடைக்கிறது. 2025ஆம் ஆண்டின் ஏடு, 2024இன் கணக்கோடு, செப்டம்பரில் உலகச் சுற்றுலா தினத்தன்று வெளியானது. 2024 ஆகஸ்டில் நடந்ததன் விளைவு அச்சில் முழுமையாகத் தெரிவதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது. அருகிலுள்ள இலங்கையைப் பாருங்கள்: அங்கே சுற்றுலா மேம்பாட்டு அதிகாரசபை, ஒரு மாதத்தின் நாடுவாரி வருகையை அடுத்த மாதமே வெளியிட்டுவிடுகிறது. 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, அந்த மே மாத வருகை முந்தைய மே மாதத்தைவிட எழுபது சதவீதம் குறைந்ததை அவர்கள் உடனே சொன்னார்கள்; பிறகு மாதந்தோறும் அது எப்படி மீண்டது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். சிறிய நாடு, பெரும்பாலும் ஒரே விமான நிலையம் என்ற வசதி அவர்களுக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நம் குடிநுழைவுத் துறையிலும் ஒவ்வொரு பாஸ்போர்ட்டும் கணினியில்தான் பதிவாகிறது.

படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. அட்டவணைகளின் அடியில் சிறு எழுத்தில் ‘தற்காலிகம்’ என்று குறித்திருப்பதைத் தவறவிட வேண்டாம். 2022இன் வருகை முதலில் 61.9 லட்சம் என்று வெளியாகிப் பின்னர் 64.4 லட்சமாகத் திருத்தப்பட்டது; 2023இன் எண்ணும் 92.4 லட்சத்திலிருந்து 95.2 லட்சமாக உயர்ந்தது. ஓர் ஆண்டின் தற்காலிக எண்ணை மற்றோர் ஆண்டின் திருத்திய எண்ணோடு வைத்துப் பார்த்தால், நடக்காத வீழ்ச்சி நடந்ததாகத் தோன்றும். ஆகவே புதிய ஏடு வந்ததும் பழைய எண்களையும் அதிலிருந்தே எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டின் ஏட்டிலிருந்து எடுத்தது என்பதை ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.